முப்பது கிலோமீற்றர் உயரத்தில் கச்சான் திரும்பும்போது

பேர்லினில் இரவு எட்டு மணிக்குப் பிறகு விழுந்த பனியை மறுநாள் காலை ஏழு மணிக்குள் நடைபாதையிலிருந்து அகற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் என்றால் ஒன்பது மணி. தனியார் உப்புத் தூவக் கூடாது, தெருவோர மரங்களின் வேருக்குக் கேடு. சல்லித்துகள் மட்டும்தான். நொய்கோல்ன் பகுதியில் நாற்பத்தொரு கட்டடங்களின் நடைபாதைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அந்தக் காலை முழுவதும் என் மனத்தில் பாரமாக இருக்கும். அதனால்தான் குளிர் எப்போது வரும் என்பதை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறேன்.

வழக்கமான வானிலைக் கணிப்பை ஐந்தாறு நாட்களுக்கு நம்பலாம். பத்தாவது நாளில் அது தள்ளாடத் தொடங்கிவிடும். ஆனால் சல்லி வாங்கவும், ஆள் சேர்க்கவும், இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் எனக்கு மூன்று வாரம் வேண்டும். அந்த இடைவெளியின் ஒரு பகுதியையாவது நிரப்புவது நம் தலைக்கு மேலே முப்பது கிலோமீற்றர் உயரத்தில் வீசும் காற்று. அதைப் பார்க்கப் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் தேவையில்லை. கைப்பேசியும் ஒரு கொப்பியும் போதும். நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிறு மாலைகளில் அரை மணி நேரம் நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் குளிரோடு பிழைப்பு நடத்துகிறவர்களை, கட்டடம் காப்பவர்கள், பாரவண்டி ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோரையும், மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தக் காற்று இது

பருத்தித்துறையில் எங்கள் அப்பா காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார். மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்குப் பக்கமிருந்து சோளகம். கடலுக்குப் போவதா, வலையை உலர்த்துவதா என்பதைப் பெயரே தீர்த்துவிடும். துருவக் காற்றைப் பற்றி நான் வாசித்தபோது கட்டுரைகளில் இருந்த சொற்களைவிட அப்பாவின் சொற்கள்தான் எனக்கு விளக்கம் தந்தன.

குளிர்காலத்தில் வடதுருவத்தின் மேல் வெயில் படுவதே இல்லை. அங்கே படைமண்டலத்துக் காற்று குளிர்ந்து, குளிர்ந்து, மறை 75 பாகை (−75 செல்சியஸ்) அளவுக்கு இறங்குகிறது. உலகம் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று அழைப்பதைத்தான் எங்கள் பள்ளிப் புத்தகம் படைமண்டலம் என்றது. அந்தக் குளிர்ந்த காற்றுத் திரளைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று வளையமாக ஓடுகிறது. நடுக்குளிர்காலத்தில் அதன் வேகம் செக்கனுக்கு 30, 40 மீற்றர். அதாவது மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். இதுதான் துருவச் சுழல். அது ஒரு மாபெரும் கச்சான். வேகமாகச் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல, இந்தக் கச்சான் பலமாக வீசும் வரை குளிர் பெரும்பாலும் துருவத்தோடு அடங்கிக் கிடக்கும்.

சில குளிர்காலங்களில் இந்தக் கச்சான் சில நாட்களுக்குள் தளர்ந்து, நின்று, கொண்டலாகத் திரும்பிவிடுகிறது. அதே நாட்களில் துருவத்தின் மேல் வெப்பநிலை 40, 50 பாகை ஏறிவிடுகிறது. இதற்குத் திடீர் சூடேற்றம் என்று பெயர். பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஆறு முறை நடக்கிறது.

இதை முதலில் கண்டது எங்கள் பக்கத்தில்தான். 1952 தொடக்கத்தில் பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சார்ட் ஷெர்ஹாக், டெம்பெல்ஹோஃப் விமானநிலையத்திலிருந்து விடப்பட்ட பலூன்களின் அளவீட்டில் இந்த ஏற்றத்தைப் பார்த்தார். வெடித்தது போன்ற சூடேற்றம் என்று எழுதினார். 1901 ஜூலை 31 அன்று அதே டெம்பெல்ஹோஃபிலிருந்துதான் வானிலையாளர்களான பெர்சனும் ஸூரிங்கும் பலூனின் திறந்த கூடையில் ஏறி 10,800 மீற்றர் வரை போய், மயங்கி, உயிரோடு இறங்கினார்கள். அந்த விமானநிலையம் இன்று பூங்காவாக இருக்கிறது. என் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும்போது அங்கே நின்று மேலே பார்த்திருக்கிறேன். பலூன் ஏறிய அதே ஆகாயம் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருக்கிறது.

கச்சானைத் தளர்த்துவது கீழிருந்து போகும் அலைகள். காற்று இமயம், றொக்கி போன்ற மலைகளில் மோதுவதாலும், குளிர்ந்த நிலமும் வெப்பமான கடலும் அருகருகே இருப்பதாலும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அகலமான அலைகள் எழுகின்றன. அவை மேலே ஏறி, கரையில் கடலலை உடைவதுபோல அங்கே உடைகின்றன. உடையும்போது கச்சானின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. வேகம் போனதும் துருவத்தின் மேல் காற்று கீழிறங்கி அமுங்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி கையைச் சுடுவது இதனால்தான். இந்த விளக்கத்தை 1971இல் ஜப்பானிய அறிஞர் தரோ மட்சுனோ கணக்கோடு நிறுவினார்.

ஒரே ஓர் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

படங்கள் ஏராளம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பார்த்துத் தலை சுற்றிப்போனேன். இப்போது ஓர் எண்ணில் தொடங்குகிறேன். 10 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், 60 பாகை வட அகலாங்கில், உலகைச் சுற்றிய சராசரி மேற்குக் காற்றின் வேகம். 10 ஹெக்டோபாஸ்கல் என்றால் கடல்மட்ட அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் முப்பது கிலோமீற்றர் உயரம். 60 பாகை என்பது ஒஸ்லோவும் ஹெல்சிங்கியும் இருக்கும் கோடு. இந்த எண் பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் கச்சான் கொண்டலாகிவிட்டது என்று பொருள். அந்த நாளைத்தான் பெரிய சூடேற்றத்தின் நாளாகப் பதிகிறார்கள்.

இந்த எண்ணின் வரைபடத்தை ஐரோப்பிய நடுத்தர வானிலைக் கணிப்பு மையம் இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா, நாசா ஆகியவையும் ஜப்பான் வானிலை முகமையும் படைமண்டலப் பக்கங்கள் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய மையம் தன் நீண்டகாலக் கணிப்பை ஒரு தடவை ஓட்டி நிறுத்துவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 101 தடவை, 46 நாள் வரை ஓட்டுகிறது. வரைபடத்தில் அவை நூல்கற்றை போலத் தெரியும்.

அந்தக் கற்றையைப் படிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஓரிரு நூல்கள் பூச்சியத்துக்குக் கீழே போவதைப் பார்த்ததும் பரபரப்பாகப் பகிர்ந்துவிடுகிறார்கள். நான் கொப்பியில் மூன்று விடயம் மட்டும் எழுதுவேன்: இன்றைய எண், அடுத்த இரண்டு வாரத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும் நூல்கள் எத்தனை, போன ஞாயிறு அது எத்தனை. எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். சூடேற்றத்தையே பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்னால்தான் நம்பிக்கையோடு கணிக்க முடிகிறது. அதற்கு அப்பால் தெரியும் கோடுகளை நான் முடிவாக எடுப்பதில்லை.

கற்றை கீழே சாயத் தொடங்கினால் கீழே அலையை எழுப்புவது எது என்று தேடுவேன். ரஷ்யாவின் ஊரல் மலைப் பக்கம் ஒரு பெரிய உயரழுத்தமும் வட பசிபிக்கில் ஆழமான தாழமுக்கமும் ஒரே நேரத்தில் நிலைகொண்டால் அலை பலமாக மேலே ஏறும். 100 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் வெப்பப் பாய்வு என்ற படம் அந்த ஏற்றத்தை எண்ணாகவே காட்டும். அது ஒரு நாள் துள்ளிவிட்டு அடங்கினால் கவலை இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஓங்கி நின்றால் கச்சானுக்கு ஆபத்து.

நம் பக்கத்துக் கடலுக்கும் இதில் பங்கு உண்டு. இந்து சமுத்திரத்தில் தொடங்கி, இலங்கை, இந்தோனேசியா வழியாகக் கிழக்கே நகரும் பெரிய மழைமேகக் கூட்டம் ஒன்று இருக்கிறது. மேடன், ஜூலியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் அதைப் பற்றி எழுதியதால் மேடன்–ஜூலியன் அலைவு என்கிறார்கள். 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. அது மேற்குப் பசிபிக்கைச் சேரும்போது வட பசிபிக்கின் தாழமுக்கத்தை ஆழமாக்கி, துருவத்தை நோக்கிய அலைக்கு வலு சேர்க்கிறது. 2018 பெப்ரவரி தொடக்கத்தில் அது அந்தப் பக்கத்தில் வழக்கத்தை மீறிய பலத்தோடு நின்றது.

இன்னொன்று சிங்கப்பூர். நிலநடுக்கோட்டுக்கு மேலே படைமண்டலக் காற்று சராசரியாக 28 மாதச் சுற்றில் கிழக்கும் மேற்குமாக மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றத்தை உலகம் கணக்கு வைப்பது முதலில் பசிபிக்கின் கன்ரன் தீவிலிருந்து, பின்னர் மாலைதீவின் கான் தீவிலிருந்து, 1976 முதல் சிங்கப்பூரிலிருந்து விடும் பலூன்களால். அவற்றை ஒன்றாகக் கோத்ததும் பேர்லின் பல்கலைக்கழகம்தான். சிங்கப்பூரின் மேலே கொண்டல் வீசும் குளிர்காலங்களில் துருவச் சுழல் தளரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். இதை ஒக்ரோபரில் ஒரு தடவை பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் எடை கொடுப்பதில்லை.

திரும்பிய பிறகு செய்ய வேண்டியது

கச்சான் திரும்பிவிட்டது, இனிக் குளிர்தான் என்று முடிவு கட்டினேன் ஒருமுறை. 2019 ஜனவரி முதல் இரண்டு நாட்களுக்குள் எண் பூச்சியத்துக்குக் கீழே போனது. சுழல் பிளந்தது. நான் இரண்டு தொன் சல்லி கூடுதலாக வாங்கினேன். பெப்ரவரி முழுவதற்கும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு நிறுத்தினேன். ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்தில் வீடுகளின் கூரை முறியுமளவு பனி கொட்டியது. பேர்லினில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 பாகை பதிவானது. குளிர்காலத்தில் பிரித்தானியா அதுவரை கண்டிராத வெப்பம் அது. என் ஆட்கள் இருவரும் நிலக்கீழ் அறையில் சவள்களுக்குக் கைப்பிடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சம்பளத்தை ஈடுகட்ட அந்த ஆண்டு கோடை வரை எடுத்தது.

அதிலிருந்து கற்றதுதான் இந்தக் குறிப்பின் மையம். மேலே நடந்தது கீழே இறங்க வேண்டும். இறங்காத சூடேற்றம் எனக்குக் குளிரைத் தராது. மூன்றில் இரண்டு தடவைதான் அதன் தடம் தரை வரை தெளிவாக வருகிறது.

இறக்கத்தைப் பார்க்க ஒரு தனிப் படம் உண்டு. நெடுக்கே உயரம், கிடையே நாட்கள், நடுவே நிறம். துருவத்தின் மேல் அழுத்தம் வழமையைவிடக் கூடினால் சிவப்பு. சூடேற்றம் நடந்ததும் படத்தின் உச்சியில் சிவப்புத் திட்டாக ஒன்று தோன்றும். எங்கள் ஊர் ஓட்டுக் கூரையில் ஓடு விலகினால் மழைநீர் சுவரில் மெல்லக் கசிந்து இறங்குமே, சில இடத்தில் நிற்கும், திடீரென ஒரு கோடாக வழியும். சிவப்பு இறங்குவதும் அப்படியே இருக்கும். பால்ட்வின், டங்கர்டன் என்ற ஆய்வாளர்கள் 2001இல் இந்தக் கசிவை முதன்முதலில் தெளிவாகப் படமாக்கினார்கள். அது தரையைத் தொட்டால் அதன் பிடி அறுபது நாள் வரை விட்டுவிட்டு நீடிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

நான் முதலில் பார்ப்பது படத்தின் நடுப்பகுதியை: 100 முதல் 150 ஹெக்டோபாஸ்கல் வரை, அதாவது பதின்மூன்று பதினாறு கிலோமீற்றர் உயரம். அங்கே சிவப்பு வந்து ஒரு வாரம் நின்றுவிட்டால் கூரை நனைந்துவிட்டது. அந்த உயரத்துக் காற்று தன் வெப்பத்தை மிக மெல்லத்தான் இழக்கும், பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். நாம் வாழும் கீழ் அடுக்கு பத்து நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும். மேலே இருக்கும் அடுக்கு மறப்பதில்லை. நீண்டகாலக் கணிப்புக்குக் கிடைக்கும் பிடி முழுவதும் அந்த மறவாமையிலிருந்துதான் வருகிறது.

பிறகு தரையைப் பார்ப்பேன். ஆர்க்டிக் அலைவு, வட அத்திலாந்திக் அலைவு என்று வடக்கின் காற்றழுத்த வேறுபாட்டை அளக்கும் இரண்டு எண்களையும் நோவா நாள்தோறும் வெளியிடுகிறது. இரண்டும் மறைப் பக்கம் போனால் ஐஸ்லாந்துத் தாழமுக்கம் வலுவிழந்து, கிரீன்லாந்துப் பக்கம் உயரழுத்தம் ஏறி, மேற்கிலிருந்து வரும் மிதமான கடற்காற்று தெற்கே தள்ளப்படுகிறது. வடஐரோப்பாவுக்கு அப்போது கிழக்கு வாசல் திறக்கும். சூடேற்றம் நடக்கும் நாளிலேயே இந்த எண்கள் மறைப்பக்கம் இருந்தால் கசிவு எளிதாகத் தரையோடு சேர்ந்துவிடும்.

சுழல் இரண்டாகப் பிளந்ததா, ஒரு பக்கமாக நகர்ந்ததா என்று நிறையப் பேர் விவாதிக்கிறார்கள். பிளந்தால் குளிர் உறுதி என்று சொல்பவர்களும் உண்டு. 2018இலும் பிளந்தது, 2019இலும் பிளந்தது, விளைவு நேர்மாறு. ஆகவே நான் அந்த விவாதத்தில் நேரம் செலவிடுவதில்லை. கசிவுப் படத்தையே நம்புகிறேன்.

2018: நெருங்கிப் பார்த்தது

2018 பெப்ரவரி 12 அன்று எண் பூச்சியத்தைக் கடந்தது. பதினெட்டாம் திகதி ஞாயிறு சிவப்பு நடுப்பகுதியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்ததாகக் கொப்பியில் குறித்திருக்கிறேன். அப்போது இதையெல்லாம் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தேன். மாத இறுதி வாரத்தில் கிழக்குக் காற்று ரஷ்யாவிலிருந்து நேராக வந்தது. 26ஆம் திகதி ரோம் நகரில் பனி பெய்தது. பிரித்தானியப் பத்திரிகைகள் கிழக்கிலிருந்து வந்த மிருகம் என்று பெயர் சூட்டின. பேர்லினில் பகல் வெப்பநிலைகூடப் பூச்சியத்தைத் தொடவில்லை.

ஆனால் எங்கள் தெருக்களில் பனி அதிகம் விழவில்லை. வந்தது வறண்ட குளிர். 28ஆம் திகதி விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றேன். கூரைப் பீலி ஒன்று வெடித்து, சொட்டிய நீர் நடைபாதையில் ஐந்து மீற்றர் நீளத்துக்குக் கண்ணாடி போல உறைந்திருந்தது. தெருவிளக்கில் அது பளபளத்தது. அதன் மேல் யாரோ கால் வைத்து இழுத்த தடம் ஒன்றும் தெரிந்தது. சல்லிப் பெட்டியைத் திறந்தேன். சல்லி ஒரே பாறையாக இருந்தது. இலையுதிர்காலத்தில் ஈரத்தோடு கொட்டி மூடியிருந்தோம். அலவாங்கால் இடித்து, உடைத்து, வாளியில் அள்ளுவதற்குள் கைவிரல்கள் மரத்துப்போயின. ஆறே முக்காலுக்குத் தூவி முடித்தபோது முதல் ஆளாக ஒரு சிறுவன் பள்ளிப் பையோடு அதைக் கடந்து போனான்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் சல்லியை உலர்த்தி வைக்கவில்லை. வரும் குளிர் பனியாக வருமா, வறண்டு வருமா என்பதைப் படைமண்டலம் சொல்லாது. வருவது குளிர் என்றால் உலர்ந்த சல்லி வேண்டும், பீலி பார்க்க வேண்டும். அது எந்தக் குளிருக்கும் பொருந்தும்.

செலவையும் நம்பிக்கையையும் பொருத்துவது

இப்போது வேலையை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கற்றையில் பாதிக்கு மேல் நூல்கள் பூச்சியத்துக்குக் கீழே போகின்றன என்றால் காசு செலவாகாத வேலைகளை மட்டும் செய்வேன். சல்லிப் பெட்டிகளைத் திறந்து ஈரம் பார்ப்பேன். இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். வீட்டுக்காரர்களிடம் பீலியும் நிலக்கீழ் அறைக் குழாயும் பற்றிச் சொல்லி வைப்பேன். ஆட்களிடம், "தம்பி, அடுத்த மாதம் விடுமுறை எடுப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு" என்பேன். தவறினாலும் எதுவும் நட்டமில்லை.

எண் உண்மையிலேயே திரும்பி, சிவப்பும் நடுப்பகுதியில் வந்து நின்றால் பாதிச் செலவுள்ள வேலைகள். சல்லி ஒரு தொன், திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஒப்பந்தத்தோடு. கூடுதல் ஆட்களுக்கு அழைத்தால் வருவேன் என்ற வாக்கு மட்டும், சம்பளம் இல்லை. இந்தக் கட்டத்தில் தராசுத் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. அவ்வளவுதான், குளிர் இன்னும் வந்துவிடவில்லை.

முழுச் செலவு, அதாவது இரவு முறை, கூடுதல் ஆட்கள், வாடகை வண்டி எல்லாம், வழக்கமான ஐந்தாறு நாள் கணிப்பு குளிரைக் காட்டிய பிறகுதான். அந்த இடத்தில் படைமண்டலத்துக்குக் குரல் இல்லை.

2021இல் இதைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்தது. ஜனவரி 5 அன்று கச்சான் திரும்பியது. ஜனவரி முழுவதும் சிவப்பு விட்டுவிட்டு இறங்கியது. இரண்டு தடவை ஒன்றுமில்லை என்று நினைத்துக் கைவிடப் பார்த்தேன். பெப்ரவரி 7 அன்று ஜேர்மனியின் வடக்கிலும் நடுவிலும் பெரும் பனி கொட்டி, நெடுந்தூர ரயில்கள் பல நின்றன. பேர்லினில் அந்த வாரம் முழுவதும் கடும் உறைபனி. திரும்பிய நாளிலிருந்து முப்பத்து மூன்று நாள். வாக்குக் கொடுத்திருந்த மூன்று பேரும் ஆறாம் திகதி மாலையே வந்து சேர்ந்தார்கள். பெட்டிகளில் சல்லி உலர்ந்து கிடந்தது.

அதே ஆண்டு மட்றிட்டை மூடிய ஃபிலோமினா பனிப்புயலையும் பலர் இதன் கணக்கில் எழுதினார்கள். அது ஜனவரி 8, 9இல் வந்தது. மூன்றே நாளில் மேலிருந்து இறங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நாளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவும்.

கச்சான் பலத்தால் வரும் செய்தி

தளர்ச்சியை மட்டும் தேடாதீர்கள். மிகப் பலமான கச்சானும் ஒரு செய்திதான். 2020 ஜனவரி முதல் மார்ச் வரை துருவச் சுழல் வழமைக்கு மிக மேலே ஓடியது. ஆர்க்டிக் அலைவு பதிவில் இல்லாத உயரத்துக்குப் போனது. ஐரோப்பாவில் குளிர்காலம் மிதமாகவும் புயலாகவும் கழிந்தது. பிரித்தானியா பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழையை அந்தப் பெப்ரவரியில் கண்டது. ஜேர்மனியில் திராட்சை கொடியிலேயே உறைந்த பின் பறித்துச் செய்யும் பனி வைனுக்கு மறை 7 பாகையாவது வேண்டும். 2019 அறுவடையில் எந்தப் பகுதியிலும் அது கிடைக்கவில்லை. முதல் தடவையாக அந்த ஆண்டு பனி வைனே இல்லை. இப்படிப்பட்ட குளிர்காலத்தில் நான் சல்லிக்குப் பதிலாகப் புயலுக்குத் தயாராவேன்: கூரை ஓடு, மரக்கிளை, கட்டடச் சாரம்.

வேறு இடங்களில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. சுழல் தளர்ந்தால் எல்லோருக்கும் ஒரே விளைவு வருவதில்லை. வடஐரோப்பாவும் வட ஆசியாவும் குளிரும். கிரீன்லாந்தும் கனடாவின் வடகிழக்கும் பெரும்பாலும் வழமையைவிட மிதமாக இருக்கும். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் மழை போகும். 2018 மார்ச்சில் அங்கே நீண்ட வறட்சியைக் கழுவிக்கொண்டு போனது அந்த மழைதான். வட அமெரிக்காவில் இருப்பவர்கள் எண் பூச்சியத்தைத் தொடுகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறலாம். சுழல் உடையாமலே ரப்பர் வளையம் போல ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டாலும் கனடாவிலிருந்து குளிர் தெற்கே வழியும். 2021 பெப்ரவரி நடுவில் ரெக்சஸில் மின்சாரம் அறுந்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்த அந்தக் குளிருக்கு முன்னால் சுழல் அப்படி நீண்டிருந்தது. ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகனுக்கு எண்ணைவிடச் சுழலின் வடிவத்தைப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

படைமண்டலம் அமைதியாக இருந்தாலும் குளிர் வரும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் பேர்லினுக்கு வந்தது 1995 இலையுதிர்காலம். 1989 பெப்ரவரிக்கும் 1998 டிசம்பருக்கும் இடையில் பெரிய சூடேற்றம் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் நான் வந்த அந்த முதல் குளிர்காலம் இந்த நாட்டின் நீண்ட கடும் குளிர்காலங்களில் ஒன்றாக இருந்தது. யாரோ தந்த மெல்லிய மேலங்கியோடு மார்ச் வரை நடந்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஐந்து நாள் கணிப்பைப் பார்க்காமல் விட வேண்டாம்.

எப்போது நிறுத்துவது

மார்ச், ஏப்ரலில் துருவத்துக்கு வெயில் திரும்பியதும் கச்சான் தானாகவே ஓய்ந்து கொண்டலாகும். அதைக் கடைசிச் சூடேற்றம் என்பார்கள். அதன்பிறகு கோடை முழுவதும் அங்கே கொண்டல்தான், பார்க்க ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் அது முந்திவிடும். 2025இல் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே காற்றுத் திரும்பி, மீண்டும் எழவில்லை. அந்த ஞாயிறு கொப்பியில் கடைசி எண்ணை எழுதி மூடினேன். சல்லிப் பெட்டிகளில் மட்டும் கால்வாசியை விட்டுவைத்தேன், ஏப்ரலிலும் இங்கே விடியற்காலை உறையும். மீதியை நடைபாதையிலிருந்து கூட்டி அள்ளி, தார்ப்பாயில் பரப்பி, நன்றாக உலரவிட்டுத்தான் சாக்கில் கட்டினோம்.